தர்மபுரி வானத்தில் 8 அங்குலம்: புறக்கோள் கடப்பும் வால்வெள்ளி அளவும்

(வானியல் ஆர்வலர்களின் பதிவுகள்; நேரத்துக்குப் பக்கத்தில் இருப்பது எழுதியவரின் ஊர்.)

24 செப்டம்பர் 2024, இரவு 8.50 | பாப்பிரெட்டிப்பட்டி

பள்ளியில் 8 அங்குல நியூட்டோனியன் (கண்ணாடித் தொலைநோக்கி) ஒன்று இருக்கிறது. எஃப்/5 (குவியத் தூரம் விட்டத்தைப் போல ஐந்து மடங்கு), ஜெர்மன் வகை ஈக்குவடோரியல் மவுன்ட் (வானம் நகர்வதற்கேற்பத் தொலைநோக்கியைத் திருப்பும் தாங்கி), குளிர்விக்கும் வசதியுள்ள கருப்பு-வெள்ளை கேமரா (ஐஎம்எக்ஸ் 533). நிலாவும் சனி வளையமும் காட்டுவதோடு சரி. பிளஸ் டூ பிள்ளைகளை வைத்து வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களை (புறக்கோள்களை) அளக்கலாம் என்றேன். அதெல்லாம் விண்வெளித் தொலைநோக்கி வேலை, இல்லாவிட்டால் லடாக்கின் ஹான்லே மாதிரி 4,500 மீட்டர் மலை வேண்டும், தர்மபுரிப் புழுதியில் நடக்காது என்று அடித்துச் சொல்கிறார்கள். நடக்குமா, நடக்காதா? வருகிற வால்வெள்ளியையும் படம் எடுப்பதற்கு மேல் ஏதாவது செய்ய முடியுமா?

24 செப்டம்பர் 2024, இரவு 10.15 | கிருஷ்ணகிரி

நடக்கும் சார். கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

கோளை நாம் பார்க்கப் போவதில்லை. அது தன் விண்மீனின் முன்னால் போகும்போது (இதுதான் கடப்பு) விண்மீன் எவ்வளவு மங்குகிறது என்று அளக்கப் போகிறோம். மங்கும் அளவு, இரண்டின் ஆரங்களை வகுத்து வருவதன் வர்க்கம். வியாழன் சூரியனை மறைத்தால் 1 சதவீதம். பூமி மறைத்தால் 0.0084 சதவீதம். பூமி அளவுக் கோள் நமக்கு இல்லை, அதை இன்றே மறந்துவிடலாம். ஆனால் விண்மீனை ஒட்டிச் சுற்றும் வியாழன் வகைக் கோள்களில் 2, 2.5 சதவீதம் மங்குபவை இருக்கின்றன.

எதிர்ப்பக்கம் இருப்பது காற்றின் மினுமினுப்பு. 20 செ.மீ. கண்ணாடி, 60 விநாடி எக்ஸ்போஷர், விண்மீன் தலைக்கு மேல், தரை 500 மீட்டர் உயரம் என்று வழக்கமான சூத்திரத்தில் போட்டால் மினுமினுப்பு 0.1 சதவீதம் வருகிறது. அதே விண்மீன் 30 டிகிரிக்கு இறங்கினால் 0.35 சதவீதம். மலை உயரம் இதில் எவ்வளவு உதவும்? ஹான்லே உயரத்தில் இந்த மினுமினுப்பு நம்முடையதில் ஏறத்தாழ 60 சதவீதம். அவ்வளவுதான் வித்தியாசம். ஹான்லேயின் உண்மையான பலம் இருட்டும் வறண்ட காற்றும். 2.5 சதவீதப் பள்ளத்தைப் பிடிக்க அந்த அளவு தேவைப்படாது.

1999-இல் எச்.டி. 209458 என்ற விண்மீனில் முதன்முதலாகக் கடப்பைப் பதிவு செய்த குழுக்களில் ஒன்றின் தொலைநோக்கி 10 செ.மீ.தான். உங்களுடையது அதைப் போல இரண்டு மடங்கு அகலம்.

25 செப்டம்பர் 2024, காலை 6.30 | கிருஷ்ணகிரி

நேற்றைய குறிப்போடு சேர்த்து: எந்த விண்மீன் என்பதுதான் பாதி வெற்றி.

இப்போது மாலை வானத்தில் இருப்பது எச்.டி. 189733. திருவோணத்துக்கு வடக்கே 14 டிகிரி. எம்27 நெபுலாவிலிருந்து கால் டிகிரிக்குச் சற்றுக் கூட, கிழக்கே. நமக்கு உச்சியிலிருந்து பத்து டிகிரி வடக்காகக் கடக்கும். ஒளி 7.7 மேக்னிடியூட் (சுருக்கமாக மேக்; எண் கூடினால் ஒளி குறைவு), பள்ளம் 2.4 சதவீதம், கடப்பு 1 மணி 50 நிமிடம், சுற்று 2.2186 நாள். ஒன்பது சுற்று ஏறக்குறைய 20 நாள். ஆகவே ஓர் இரவு நல்ல நேரத்தில் கிடைத்தால் 20 இரவு கழித்து முக்கால் மணி முன்னதாக மறுபடி கிடைக்கும்.

இதற்கு 8 அங்குலம் அதிகம். 7.7 மேக் விண்மீன் இரண்டு விநாடியிலேயே பிக்சலை நிரப்பிவிடும். 70 மி.மீ. லென்ஸ் தொலைநோக்கி போதும்: 30 விநாடிக்கு 0.3 சதவீத மினுமினுப்பு, பள்ளம் அதைப் போல எட்டு மடங்கு. 8 அங்குலத்தில்தான் எடுப்பேன் என்றால் ஃபோகஸை வெளியே தள்ளி, விண்மீனை 15–20 பிக்சல் அகல வட்டாக்கி எடுங்கள். ஒளி நிறையப் பிக்சல்களில் பரவினால் ஒரு பிக்சலின் குறை தனியாகத் தெரியாது.

சிக்கல் மழை. அக்டோபர் முதல் டிசம்பர் பாதி வரை நம் பக்கம் வரிசையாக ஆறு மணி நேரம் தெளிந்த இரவை நம்பித் திட்டம் போட முடியாது. நமது பருவம் ஜனவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை. அதற்கு வாஸ்ப்-43 என்ற விண்மீன் இருக்கிறது, பிறகு எழுதுகிறேன்.

25 செப்டம்பர் 2024, பகல் 1.10 | பாலக்கோடு

அண்ணா, கடப்பு வழிதான் என்று ஏன் கட்டிப்போட வேண்டும்? விண்மீன் ஆடுவதை நிறமாலையில் அளக்கும் வழியில்தானே முதலில் கண்டுபிடித்தார்கள்?

25 செப்டம்பர் 2024, இரவு 9.05 | கிருஷ்ணகிரி

ஆமாம் தம்பி. சூரியன் போன்ற விண்மீனைச் சுற்றும் முதல் கோளை, 51 பெகாசியில், 1995-இல் மேயரும் கெலோவும் கண்டது அப்படித்தான். பிரான்சின் ஓத் ப்ரோவான்ஸ் ஆய்வகத்தில் 1.93 மீட்டர் தொலைநோக்கி, எலோடி நிறமாலைமானி; 2019-இல் நோபல். ஆனால் அளவைப் பாருங்கள். வியாழன் நம் சூரியனை விநாடிக்கு 12.5 மீட்டர்தான் அசைக்கிறது, பூமி 9 செ.மீ. எச்.டி. 189733 கோள் தன் விண்மீனை ஏறத்தாழ 200 மீட்டர் அசைக்கிறது. அதைப் பிடிப்பதற்கே நிறமாலைமானியின் வெப்பமும் காற்றழுத்தமும் அசையாமல் இருக்க வேண்டும். இந்தியாவில் மவுன்ட் அபுவின் 1.2 மீட்டரில் பாரஸ் கருவி இந்த வேலையைச் செய்கிறது. பள்ளி மொட்டை மாடியில் ஒளியை எண்ணுவதுதான் வழி.

29 செப்டம்பர் 2024, காலை 7.00 | அரூர்

சி/2023 ஏ3 (சுச்சின்ஷான்–அட்லஸ்) வால்வெள்ளி 27-ஆம் தேதி சூரியனுக்கு அருகே வந்து திரும்பிவிட்டது, 0.39 வானியல் அலகு (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் ஓர் அலகு). பார்க்க நினைப்பவர்கள் காலை 5 முதல் 5.30 வரை கிழக்கு அடிவானம். தீர்த்தமலைப் பக்கம் கிழக்கே மறைப்பில்லாத மேடு தேடுங்கள். பைனாகுலர் 7×50 அல்லது 10×50. சூரியன் எழும் முன் பைனாகுலரைக் கண்டிப்பாக இறக்கிவிட வேண்டும், பிள்ளைகள் கூட இருந்தால் கையிலிருந்து வாங்கியே வைத்துவிடுங்கள்.

ஒளியளவு குறிப்பவர்களுக்கு: பத்து டிகிரி உயரத்தில் காற்று நிறை 5.6 (தலைக்கு நேர் மேலே இருப்பதைப் போல அத்தனை மடங்கு காற்று). ஒரு நிறைக்கு 0.3 மேக் என்றால் 1.7 மேக் காற்றே தின்றுவிடுகிறது. உயரத்தில் இருக்கும் விண்மீனோடு ஒப்பிட்டால் வால்வெள்ளி உண்மையைவிட மங்கலாகப் பதிவாகும். அதே உயரத்தில் இருக்கும் விண்மீனோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

தேதியிலும் கவனம். நம் காலை 5.15 என்பது உலக நேரப்படி முந்தைய நாள் 23.45. இன்று விடியலில் பார்த்ததை செப்டம்பர் 28.99 என்று (நேரத்தை நாளின் தசமமாக்கி) எழுத வேண்டும், 29.99 அல்ல.

1 அக்டோபர் 2024, இரவு 11.20 | தேன்கனிக்கோட்டை

பாப்பிரெட்டிப்பட்டி சாரின் மவுன்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நம் அட்சரேகையில் முதல் அடி அங்கேதான் விழும்.

தர்மபுரி 12.1 டிகிரி, கிருஷ்ணகிரி 12.5. மவுன்டின் அச்சு நோக்க வேண்டிய துருவ விண்மீனும் அவ்வளவு உயரத்தில்தான். தூசி, தென்னந்தோப்பு, குன்று, ஏதாவது ஒன்று மறைக்கும். அதைவிட, பல மவுன்ட்களின் உயரத் திருகு 15 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. இறங்கினாலும் எடைத்தண்டு முக்காலியின் வடக்குக் காலில் இடிக்கும்.

செய்ய வேண்டியது: முக்காலியைத் திருப்பி ஒரு காலைத் தெற்கே வையுங்கள், மற்ற இரண்டும் வடகிழக்கு, வடமேற்கு. தண்டு வடக்குப் பக்கமாகச் சாய்ந்து தொங்கும், அங்கே கால் இருக்காது. பிறகு தெற்குக் காலை உயர்த்துங்கள். கால்களுக்கிடையே 80 செ.மீ. இருந்தால் 3.5 செ.மீ. உயர்த்தினால் ஏறக்குறைய 3 டிகிரி கிடைக்கும். கடப்பைக் கல் துண்டு ஒன்று போதும், மரக்கட்டை இரவு ஈரத்தில் மெத்தென்று அமுங்கும். எடை வடக்கே சாய்வதால் வடக்குக் கால்கள் இரண்டையும் நன்றாக விரித்து ஊன்ற வேண்டும். மவுன்டுக்கும் முக்காலிக்கும் நடுவே 15–20 செ.மீ. நீட்டிப்புக் குழாய் போட்டால் தண்டு எங்கேயும் இடிக்காது.

துருவ விண்மீன் தெரியாவிட்டால் கவலை வேண்டாம். நினா மென்பொருளில் மூன்று இடத்தில் படமெடுத்து, அதில் உள்ள விண்மீன்களை வைத்தே அச்சைக் கணக்கிடும் வசதி இருக்கிறது. வானத்தின் எந்தப் பகுதி திறந்திருந்தாலும் நடக்கும். பிழை 2 கோண நிமிடத்துக்குள் (60 கோண நிமிடம் ஒரு டிகிரி) வந்தால் போதும்.

2 அக்டோபர் 2024, காலை 9.40 | தேன்கனிக்கோட்டை

விட்டுப்போன ஒன்று. அஞ்செட்டி, தளி, எங்கள் ஊர்ப் பக்கம் இருட்டு அருமையாக இருக்கிறது என்று கேழ்வரகுக் காட்டோரம் தொலைநோக்கி நிறுத்த யாரும் வர வேண்டாம். கதிர் முற்றும் காலத்தில் யானைக் கூட்டம் வரும். ஊருக்குள், சுவர் வைத்த இடத்தில் நிறுத்துங்கள். வடக்கே பெங்களூரு, ஓசூர் வெளிச்சம் ஏறியிருந்தாலும் தெற்கு நன்றாகவே இருக்கும்.

12 அக்டோபர் 2024, இரவு 8.30 | அரூர்

வால்வெள்ளி மாலைக்கு வந்துவிட்டது. இன்று பூமிக்கு மிக அருகே, 0.47 அலகு. மேற்கே வெள்ளிக்கு வலப்பக்கம். அடுத்த சில நாளில் வெள்ளிக்கும் சுவாதிக்கும் நடுவே ஏறும். பென்னாகரம் பக்கத்துக்காரர்களுக்கு யோகம், மேற்கே ஒகேனக்கல் காடு, வெளிச்சமே கிடையாது. 17-ஆம் தேதி பௌர்ணமி. அதற்குள் முடித்துவிடுங்கள்.

படம் எடுப்பதற்கு மேல் என்ன என்று கேட்டிருந்தார் சார். மூன்று செய்யலாம்.

மொத்த ஒளி. பைனாகுலரில் வால்வெள்ளியின் தலையைப் பார்த்து அதன் சராசரி வெளிச்சத்தை மனதில் வாங்கிக்கொண்டு, ஒப்பீட்டு விண்மீனை ஃபோகஸிலிருந்து விலக்கித் தலையின் அகலத்துக்கு ஊதவிட்டு ஒப்பிட வேண்டும். ஒன்று கூடுதலாக, ஒன்று குறைவாக என இரண்டு விண்மீன் வேண்டும். நேரம், கருவி விட்டம், பெருக்கம், தலையின் அகலம் கோண நிமிடத்தில், மையம் எவ்வளவு கூர்மை என்று 0 முதல் 9 வரை ஓர் எண். இவ்வளவையும் வால்வெள்ளி அளவுகளைச் சேர்க்கும் கோப்ஸ் தரவுத்தளத்தில் பதியலாம். மாலை 7.15 என்றால் உலக நேரம் 13.45, தசமத்தில் .57.

இடம். கேமராப் படத்தில் மையத்தின் துல்லிய இடத்தை அளந்து சர்வதேசச் சிறுகோள் மையத்துக்கு அனுப்பலாம். அதற்கு முதலில் ஆய்வகக் குறியீடு வாங்க வேண்டும். பழக்கமான சிறுகோள்களை அளந்து அனுப்பித் தரத்தை நிரூபித்தால் தருவார்கள். நேரம் ஒரு விநாடிக்குள் சரியாக இருக்க வேண்டும்.

தூசி உற்பத்தி. இதற்கு ஆர் ஃபில்டரும் (சிவப்பு ஒளியை மட்டும் விடுவது) தலையைச் சுற்றி 10,000 கி.மீ. ஆரத்துக்கு ஈடான கோண அளவும் தேவை. தொலைவு மாற மாற அந்தக் கோணமும் மாறும். இன்று 0.47 அலகில் அது 29 கோண விநாடி (60 கோண விநாடி ஒரு கோண நிமிடம்). ஒரே பிக்சல் வட்டத்தை மாதம் முழுக்க வைத்து அளந்தால் வரைபடம் பொய் சொல்லும். ஃபில்டர் இல்லாமல் எடுத்தால் 514 நானோமீட்டர் பக்கத்தில் உள்ள கார்பன் மூலக்கூறின் பச்சை ஒளி தூசியோடு கலந்துவிடும், அந்த எண்ணுக்குப் பொருளே இருக்காது.

12 அக்டோபர் 2024, இரவு 10.00 | பாலக்கோடு

எவ்வளவு நேரம் எக்ஸ்போஷர் அண்ணா? 60 விநாடி வைத்தால் தலை நீளமாக இழுத்திருக்கிறது.

12 அக்டோபர் 2024, இரவு 10.25 | அரூர்

இழுக்கத்தான் செய்யும். இந்த வாரம் அது நாளுக்கு ஐந்தாறு டிகிரி ஓடுகிறது, அதாவது நிமிடத்துக்கு 12–15 கோண விநாடி. உங்கள் பிக்சலின் அளவு: 206 × 3.76 (பிக்சல், மைக்ரானில்) ÷ 1000 (குவியத் தூரம், மி.மீ.), ஏறக்குறைய 0.78 கோண விநாடி; இரண்டுக்கு இரண்டு பிக்சலை ஒன்றாகச் சேர்த்தால் 1.55. ஒரு பிக்சலைத் தாண்டாமல் இருக்க 6 விநாடிதான் வைக்கலாம். ஆறு விநாடிப் படம் நூறு எடுத்து, வால்வெள்ளி நகரும் வேகத்துக்கு நகர்த்தி அடுக்குங்கள். இடம் அளக்கும் அடுக்கில் பத்துப் படத்துக்கு மேல் வேண்டாம்.

16 அக்டோபர் 2024, இரவு 7.50 | பாப்பிரெட்டிப்பட்டி

மூன்று நாளாக மேகம். மழை.

27 அக்டோபர் 2024, மாலை 5.15 | ஊத்தங்கரை

எங்கள் ஊருக்கு வடகிழக்கே ஜவ்வாது மலையில்தான் காவலூர் வானாய்வகம். யுரேனஸ் வளையத்தைக் கண்டுபிடித்ததே அங்கேதான். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு நம் வானத்தைக் குறை சொல்லலாமா?

27 அக்டோபர் 2024, இரவு 9.30 | கிருஷ்ணகிரி

வானத்தைப் பற்றிச் சொன்னது சரி. கண்டுபிடிப்பைக் கொஞ்சம் திருத்திச் சொல்ல வேண்டும்.

1977 மார்ச் 10. யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கப் போகிறது. எலியட், டன்ஹாம், மிங்க் மூவரும் இந்தியப் பெருங்கடலுக்கு மேல் பறந்த கைப்பர் விமான ஆய்வகத்தில் இருந்தார்கள். யுரேனஸ் மறைக்கும் முன்னும் பின்னும் விண்மீன் பல முறை மங்கியதை வைத்து வளையம் என்று நிறுவியது அவர்கள். அதே இரவு காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அந்த விண்மீன் மங்கியதைத் தனியாகப் பதிவு செய்தார்கள். அவர்கள் அதை முதலில் யுரேனஸின் புதிய துணைக்கோள் என்று வெளியிட்டார்கள். பின்னால் அது வளையத்தின் மறைப்பு என்று தெரிந்தது. கையில் இருந்த ஒரே ஒரு மங்கலுக்கு அது நியாயமான முடிவுதான். 1972 ஜூன் 7-இல் கானிமீட் ஒரு விண்மீனை மறைத்ததைப் பதிவு செய்து, அதற்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்று காட்டியதிலும் காவலூர் பங்குபெற்றது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது: காவலூர் உயரம் 725 மீட்டர்தான். கிருஷ்ணகிரிக்கு நேர் கிழக்கே, ஏறத்தாழ அதே அட்சரேகை, நேர்க்கோட்டில் 65–70 கி.மீ. வானியலாளர் வைணு பாப்பு அந்த இடத்தைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம், பூமத்தியரேகைக்கு அருகே இருந்தால் தெற்கு வானமும் அகப்படும் என்பது. அந்த லாபம் நமக்கும் உண்டு. இன்று அங்கே 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியும் 1.3 மீட்டர் பட்டாச்சார்யா தொலைநோக்கியும் இருக்கின்றன. 1988-இல் ராஜமோகன் 4130 ராமானுஜன் சிறுகோளைக் கண்டதும் காவலூரிலிருந்தே.

3 டிசம்பர் 2024, இரவு 8.00 | ஊத்தங்கரை

ஃபெஞ்சல் புயல் மழை ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டிவிட்டது. எல்லோரும் பத்திரம். தொலைநோக்கிப் பெட்டிக்குள் சேற்றுத் தண்ணீர் ஏறிவிட்டது. என்ன செய்யலாம்?

3 டிசம்பர் 2024, இரவு 8.20 | கிருஷ்ணகிரி

முதலில் வீடு, மின்சாரம். தொலைநோக்கி ஓரிரு நாள் தாங்கும். ஆனால் கண்ணாடி மேல் சேறு காய விடாதீர்கள். கண்ணாடியை அதன் தாங்கியோடு கழற்றி, சாய்த்து வைத்து, குழாய்த் தண்ணீரை மெல்ல ஓட விடுங்கள். கை வைக்க வேண்டாம். பிறகு ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம். அதில் நனைந்த சுத்தமான பஞ்சைத் தன் எடையிலேயே இழுத்துச் செல்ல வேண்டும், அழுத்தக் கூடாது, ஒரு முறை இழுத்த பஞ்சை மறுபடி தொடக் கூடாது. கடைசி அலசல் வெறும் டிஸ்டில்டு வாட்டர். நிமிர்த்தி வைத்துக் காய விடுங்கள்.

மவுன்ட்டுக்குள் தண்ணீர் போயிருந்தால் மின்சாரம் கொடுக்காதீர்கள். மின்பலகையைக் கழற்றி ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் கழுவி நிழலில் காய வைக்க வேண்டும். மவுன்டைத் திருப்பும் பல்சக்கரமான வார்ம் கியரில் பழைய கிரீஸை முழுக்கத் துடைத்துப் புதிதாக இட வேண்டும். சேறு கலந்த கிரீஸ் உப்புத்தாள் மாதிரி பல்லைத் தேய்த்துவிடும்.

கண்வில்லைகளை மூடிய டப்பாவில், அரை கிலோ சிலிக்கா ஜெல், ஒரு சிறு ஈரப்பதமானியோடு வையுங்கள். 40–50 சதவீதத்தில் நின்றால் பூஞ்சை வராது. நீல நிற ஜெல்லில் கோபால்ட் சேர்ந்திருக்கும், சமையல் வாணலியில் போட்டு வறுக்க வேண்டாம். அதற்கென்று ஒரு பழைய தட்டை ஒதுக்குங்கள்.

8 ஜனவரி 2025, இரவு 9.15 | கிருஷ்ணகிரி

செப்டம்பரில் பாக்கி வைத்த வாஸ்ப்-43. இந்தப் பருவத்துக்கு இதைவிடப் பொருத்தமான விண்மீன் நமக்குக் கிடையாது.

சிம்மத்துக்குத் தெற்கே, வான நடுக்கோட்டிலிருந்து 9.8 டிகிரி தெற்கு. நம் உச்சியிலிருந்து 22 டிகிரி தெற்கே கடக்கும், பிப்ரவரி இறுதியில் நள்ளிரவில். ஒளி 12.4 மேக். கோள் வியாழன் அளவு, அதைப் போல இரு மடங்கு எடை. 2011-இல் கண்டது. பள்ளம் 2.5 சதவீதம், கடப்பு 1 மணி 10 நிமிடம், ஒரு சுற்று 19 மணி 31 நிமிடம். கடப்பு சின்னது என்பதால் முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் சேர்த்தாலும் மூன்றேகால் மணி நேரத்தில் வேலை முடியும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அதுவே பெரிய விஷயம்.

நாள் கணக்கு: 16 சுற்று = 13 நாளும் 22 நிமிடமும். 5 சுற்று = 4 நாளும் 1 மணி 37 நிமிடமும். 11 சுற்று = 9 நாளுக்கு 1 மணி 15 நிமிடம் குறைவு. ஓர் இரவு வசமாக அமைந்தால் இந்த மூன்றையும் கூட்டிக் கழித்து மொத்தப் பருவத்துக்கும் அட்டவணை போட்டுவிடலாம். பிப்ரவரி 12 பௌர்ணமி. அன்று நிலா சிம்மத்திலேயே, இருபது முப்பது டிகிரி தள்ளி நிற்கும். அந்த நான்கைந்து இரவுகளை விட்டுவிடுங்கள்.

8 அங்குலத்தில் 60 விநாடிக்கு, ஆர் ஃபில்டரோடு, 80 ஆயிரம் எலக்ட்ரான் பக்கம் சேரும். எண்ணும் பிழை 0.35 சதவீதம். கடப்புக்குள் 60 புள்ளிக்கு மேல் கிடைக்கும். பள்ளம் கண்ணுக்கே தெரியும்.

மாலை 6.30-க்குள் கேமராவைப் பூட்டிவிடுங்கள். அதன் பிறகு அதைத் திருப்பவே கூடாது. அந்தி வானத்தில் ஃப்ளாட் (சீரான ஒளியில் எடுத்துப் பிக்சல் வேறுபாட்டைச் சரிசெய்யும் படம்) 25, பிக்சல் எண் அதிகபட்சமான 65,535-இல் 25–30 ஆயிரம். நம் அட்சரேகையில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் இருண்டுவிடும், முன்கூட்டித் தயாராக இருக்க வேண்டும். கேமரா −5 அல்லது −10 டிகிரி; அதே வெப்பத்தில் 60 விநாடி டார்க் (மூடி போட்டு எடுக்கும் படம்) 20. விண்மீனின் உச்சப் பிக்சல் 45 ஆயிரத்தைத் தாண்டாமல் லேசாக ஃபோகஸை விலக்குங்கள். கைடிங் (விண்மீன் நகராதபடி மவுன்டைத் திருத்திக்கொண்டே இருப்பது) அவசியம்: விண்மீன் இரவு முழுக்க ஐந்து பிக்சலுக்குள் நிற்க வேண்டும்.

மொட்டை மாடி வேண்டாம். கான்கிரீட் இரவு பத்து, பதினொன்று வரை வெப்பம் விடும், ஆள் நடந்தால் ஆடும். பள்ளி மைதானத்து மண் தரை நல்லது. மின்சாரத்தை பேட்டரியில் எடுங்கள்: மவுன்ட், கேமரா, பனி ஹீட்டர் சேர்ந்து 5 ஆம்பியர், ஐந்து மணிக்கு 25 ஆம்பியர்-மணி. ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, எனவே 50 ஆம்பியர்-மணி வேண்டும். ஏரி, வாய்க்கால் பக்கத்தில் ஜனவரிப் பனி இரண்டாம் கண்ணாடியை மூடும். குழாய் வாயில் 30 செ.மீ. நீளத்துக்குக் கருப்பு ஃபோம் பாயைச் சுற்றுங்கள்.

15 ஜனவரி 2025, இரவு 7.40 | அரூர்

சி/2024 ஜி3 அட்லஸ் வால்வெள்ளி 13-ஆம் தேதி சூரியனை 0.09 அலகில் சுற்றிவிட்டது. தொலைநோக்கியைத் திருப்பலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். சூரியன் முழுக்க இறங்கிய பிறகு மட்டும், தென்மேற்கு அடிவானத்தில். அதற்கு முன் எந்தக் கண்ணாடியும் அந்தப் பக்கம் திரும்பக் கூடாது. நமக்கு மிகத் தாழ்வு. தெற்கு அரைக்கோளத்துக்காரர்களுக்கான வால்வெள்ளி இது.

2 பிப்ரவரி 2025, காலை 10.30 | பர்கூர்

கிரானைட் குவாரிகள் சூழ்ந்த ஊரிலிருந்து ஒரு குறிப்பு. இங்கே காற்றில் வருவது குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும். கண்ணாடியின் அலுமினியப் பூச்சைவிடப் பல மடங்கு கடினம். துணியால் ஒரு முறை துடைத்தால் போதும், வட்ட வட்டமாகக் கீறல். ரப்பர் ஊதியால் மட்டும் ஊதுங்கள். மெல்லிய தூசியால் ஒளி இழப்பு சில சதவீதம்தான், அது கடப்பு அளவைக் கெடுக்காது. கெடுப்பது கேமராப் பக்கத்துத் தூசி. ஃப்ளாட் படத்தில் வளைய நிழலின் விட்டத்தை எஃப் எண்ணால் பெருக்கினால் தூசி சென்சாரிலிருந்து எவ்வளவு தூரம் என்று வரும்: எஃப்/5-இல் 1 மி.மீ. வளையம் என்றால் 5 மி.மீ. தூரம், அதாவது கேமராவின் சன்னல் கண்ணாடியில். 4 மி.மீ. என்றால் ஃபில்டரில்.

20 பிப்ரவரி 2025, காலை 6.10 | பாப்பிரெட்டிப்பட்டி

நேற்றிரவு வாஸ்ப்-43 எடுத்தோம். பள்ளம் தெரிகிறது! ஆனால் ஒளி வரைபடக் கோடு முழுக்கச் சாய்ந்திருக்கிறது, நடுவே ஒரு படி விழுந்திருக்கிறது, கூடவே சிறு அலை. ஆஸ்ட்ரோஇமேஜ்ஜே மென்பொருளில் ஒரே ஓர் ஒப்பீட்டு விண்மீனை வைத்துப் போட்டோம்.

20 பிப்ரவரி 2025, இரவு 8.45 | கிருஷ்ணகிரி

வாழ்த்துகள் சார், பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். மூன்று கோளாறுக்கும் மூன்று காரணம்.

சாய்வு: வாஸ்ப்-43 செந்நிற விண்மீன், கே7 வகை. காற்று நீலத்தை அதிகம் சிதறடிக்கிறது. ஒப்பீட்டு விண்மீன் நீலம் கலந்ததாக இருந்தால், உயரம் மாற மாற இரண்டும் வேறு வேறு விகிதத்தில் மங்கும், கோடு சாயும். நிறம் நெருங்கிய ஐந்து முதல் எட்டு விண்மீன்களை எடுங்கள். ஒவ்வொன்றையும் மற்றவற்றோடு ஒப்பிட்டு, தானே மாறுவதை நீக்குங்கள். மிச்சச் சாய்வைக் காற்று நிறையோடு பொருத்திக் கழிக்கலாம். அதற்குத்தான் இரண்டு பக்கமும் ஒரு மணி நேரம் எடுக்கச் சொன்னது. ஒரு பக்கம் மட்டும் இருந்தால் சாய்வையும் பள்ளத்தையும் பிரிக்க முடியாது.

படி: விண்மீன் உச்சிக்கோட்டைக் கடக்கும்போது மவுன்ட் புரண்டு தொலைநோக்கியை மறுபக்கம் திருப்பியிருக்கும். விண்மீன் சென்சாரின் எதிர்மூலைக்குப் போய்விடும். ஃப்ளாட் சரியில்லாத அளவுக்குப் படி விழும். புரள்வதைக் கடப்பு தொடங்குவதற்கு முன்போ முடிந்த பிறகோ வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் படி கடப்புக்குள் இல்லை என்றால் இரு பகுதிக்கும் தனித்தனி அடிக்கோடு கொடுத்துக் காப்பாற்றலாம்.

அலை: எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை வருகிறது? எட்டு முதல் பத்து நிமிடம் என்றால் வார்ம் கியரின் ஒரு சுற்று. விண்மீன் சில பிக்சல் முன்னும் பின்னும் ஆடுகிறது, ஃப்ளாட் அதை முழுக்கச் சரிசெய்யவில்லை. கைடிங்கை இறுக்குங்கள்.

ஒப்பீட்டு விண்மீன்களின் மொத்த எண்ணிக்கையையும் வரைந்து பாருங்கள். அது திடீரென்று 20 சதவீதம் இறங்கிய இடத்தில் மெல்லிய மேகம். அந்தப் புள்ளிகளைத் தயங்காமல் எறியுங்கள்.

23 பிப்ரவரி 2025, இரவு 9.50 | பாப்பிரெட்டிப்பட்டி

அலை ஒன்பது நிமிடம். படி கடப்பு முடிந்து 20 நிமிடம் கழித்து. ஆறு ஒப்பீட்டு விண்மீன் வைத்துப் போட்டதும் சாய்வு பெரும்பாலும் போய்விட்டது. இப்போது கடப்பின் நடுநேரம் வருகிறது, ஆனால் அட்டவணையைவிட ஒன்பது நிமிடம் முன்னதாக நிற்கிறது. கோள் நிஜமாகவே முந்துகிறதா?

23 பிப்ரவரி 2025, இரவு 10.40 | கிருஷ்ணகிரி

நேரக் கணக்கை முதலில் பாருங்கள். பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் ஒளி நம்மிடம் வந்து சேரும் நேரம் ஆண்டுக்குள் 8.3 நிமிடம் வரை முன்னும் பின்னும் நகரும். அட்டவணை சூரியக் குடும்பத்தின் நிறை மையத்துக்குக் கணக்கிடப்பட்டது. அதோடு அது பயன்படுத்தும் நேர அளவு, உலக நேரத்தைவிட 69.2 விநாடி முந்தியது. ஆஸ்ட்ரோஇமேஜ்ஜேயில் ஊரின் அட்ச, தீர்க்க ரேகையும் விண்மீனின் இடமும் கொடுத்தால் மாற்றித் தரும். ஊர் தீர்க்கரேகை கிழக்கு 78 டிகிரி. மேற்கு என்று போட்டுவிடாதீர்கள்.

இன்னும் இரண்டு. மடிக்கணினிக் கடிகாரம் ஒரு நாளில் சில விநாடி ஓடிவிடும், தொடங்கும் முன் கைபேசி இணையத்தில் நேரத்தைச் சரிசெய்யுங்கள். கோப்பில் இருப்பது எக்ஸ்போஷர் தொடங்கிய நேரமா நடுநேரமா என்று பாருங்கள். 60 விநாடிப் படத்தில் அதுவே 30 விநாடி.

2 மார்ச் 2025, மாலை 6.00 | பாப்பிரெட்டிப்பட்டி

மாற்றிப் போட்டதும் வித்தியாசம் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிட்டது. இதை அனுப்புவதால் யாருக்கு என்ன பயன் என்று ஒரு மாணவி கேட்கிறாள்.

2 மார்ச் 2025, இரவு 8.30 | கிருஷ்ணகிரி

நல்ல கேள்வி. வாஸ்ப்-43 கோள் ஓர் ஆண்டில் 449 முறை சுற்றுகிறது. சுற்றுக்காலத்தில் 0.1 விநாடி பிழை இருந்தால் ஆண்டு முடிவில் 45 விநாடி, பத்தாண்டில் ஏழரை நிமிடம். ஜேம்ஸ் வெப் இந்தக் கோளை அளந்து, பகல் பக்கம் 1,250 டிகிரி செல்சியஸ், இரவுப் பக்கம் 600 என்று 2024-இல் வெளியிட்டார்கள். அப்படிப்பட்ட தொலைநோக்கியின் நேரத்தை ஒதுக்கும்போது கடப்பு எப்போது தொடங்கும் என்பது உறுதியாகத் தெரிய வேண்டும். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ஏரியல் விண்வெளித் தொலைநோக்கி ஏவப்பட்டால் நூற்றுக்கணக்கான கோள்களைப் பார்க்கும்; அவற்றின் அட்டவணையைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க எக்சோக்ளாக் என்ற திட்டம் சிறு தொலைநோக்கிகளை நம்பியே நடக்கிறது. நாசாவின் எக்சோபிளானட் வாட்ச் திட்டத்துக்கும் அனுப்பலாம். அதன் எக்சாடிக் மென்பொருள் இலவசம்.

வாஸ்ப்-12 கோளின் சுற்றுக்காலம் ஆண்டுக்கு 29 மில்லிவிநாடி குறைகிறது, கோள் விண்மீனை நோக்கிச் சுருண்டு இறங்குகிறது. பல ஆண்டு நடுநேரங்களை அடுக்கியதால்தான் இது தெரிந்தது. அந்த மாணவியிடம் இதைச் சொல்லுங்கள்.

அனுப்பும்போது சாய்வைக் கழித்த கோட்டை மட்டும் அனுப்ப வேண்டாம். கழிக்காத எண்களும், காற்று நிறையும், எந்தெந்த ஒப்பீட்டு விண்மீன் என்பதும் கூடவே போக வேண்டும். மார்ச் 14 பௌர்ணமி. நீங்கள் எடுத்த பிப்ரவரி 19 இரவோடு 13 நாள் கூட்டினால் மார்ச் 4, இருபத்திரண்டு நிமிடம் தாமதமாக. நிலா அன்று இளம்பிறை, முன்னிரவிலேயே இறங்கிவிடும். மவுன்ட் புரளும் நேரத்தை இப்போதே கணக்கிட்டு வையுங்கள்.